துடைத்த புள்ளி

சாயங்கால வெயில், புகைப்படங்களை மரப்பலகையில் அச்சிட்டுத் தரும் கடையின் கண்ணாடிக் கதவு வழியாக நுழைந்து மேசைமேல் கிடக்கும் பலகையில் விழுகிறது. அதில் அச்சிட்ட கடல் நிஜக் கடலைவிட நன்றாகவே மின்னுகிறது; மரத்தின் ரேகைகள் அலையோடு அலையாக ஓடுகின்றன. “பாதிக்கு மேல வெறும் ஆகாசம்தானே, அதுக்குமா காசு?” என்று இவ்வளவு நேரம் பேரம் பேசிய பெண்மணி, மூக்குக்கண்ணாடியை மாட்டியதும் பேச்சை நிறுத்திவிடுகிறார். அவர் விரல் மணலோரமாக ஊர்ந்து போய் ஓரிடத்தில் நிற்கிறது.

“இங்க ஒருத்தர் நின்னாரே?”

“கறுப்பா ஒரு புள்ளி இருந்துச்சுக்கா. நான்தான் துடைச்சு சுத்தமாக்கினேன்,” என்கிறார் கடைக்காரர் பெருமையாக. ஆளில்லாத கடல்தான் விலை போகும் என்பது அவர் படித்த தொழில் பாடம். ஆள் இருந்தால் ‘யார் இவர்?’ என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் வியாபாரம் படுத்துவிடும்.

“அது எங்க வீட்டுக்காரர், தம்பி. கப்பலேறப் போன அன்னிக்கு நானே எடுத்த படம். அப்புறம் அவர் வரவேயில்ல.”

மின்விசிறி வார்னிஷ் வாசனையைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. கடைக்காரர் பலகைக்குக் கை நீட்டுகிறார்.

“நீங்க குடுத்த படம் கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்குக்கா. புதுப் பலகையில அவரையும் சேர்த்துப் போட்டுத் தரேன். இத இப்படிக் குடுங்க.”

“சரி தம்பி,” என்கிறார். பலகையைத் தரவில்லை. விரலையும் எடுக்கவில்லை, எடுத்தால் கணவர் நின்ற இடம் தெரியாமல் போய்விடும்.