சிவப்பு ஹெல்மெட்

“இங்க பாரு, இன்னிக்கு ஒரு நாள் எதுக்கும் குறுக்கே பேசாம என்கூட நில்லு. அது போதும்.”

கடைக்குள் நுழையும்போதே கணவர் கறாராகச் சொல்லிவிட்டார். மனைவி தலையாட்டினாள்.

மறுநாள் காலை அவர் முதன்முதலாக ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டப் போகிறார். பந்தயமெல்லாம் இல்லை. கட்டணம் கட்டினால் சொந்த பைக்கைக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டலாம். தொப்பை விழுந்த வயதில் இப்படி ஓர் ஆசை. “வேண்டாமே” என்று அவளும் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். சொல்லச் சொல்லப் பிடிவாதம்தான் ஏறியது.

கடைக்காரர் தோல் உடை, கையுறை, பூட்ஸ், முதுகுக்கான கவசம் என்று எடுத்துப் பரப்பினார். கணவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து வாங்கினார். வீடியோ பார்த்தே முக்கால்வாசி வீரராகியிருந்தார், பாவம்.

பூட்ஸ் பெட்டியை அவர் தள்ளியதில், கவுண்டர் ஓரத்திலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கீழே சரிந்தது. மனைவி வேறெங்கோ பார்த்தபடியே அதைப் பிடித்து மேலே வைத்தாள்.

கடைசியாக ஹெல்மெட். கடைக்காரர் கணவரின் தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்தார்.

“உங்களுக்கு மீடியம் சார்.”

“என் தலை மீடியமா?” கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “அதோ, அந்தச் சிவப்பை எடுங்க.”

“அது லார்ஜ் சார். லார்ஜ்லயும் அது ஒண்ணுதான் பாக்கி.”

மாட்டிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

“ஆகா, சொகுசா இருக்கே!”

“சொகுசா இருக்கக் கூடாது சார். கன்னத்தைக் கவ்விப் பிடிக்கணும். தலையை ஆட்டிப் பாருங்க.”

ஆட்டினார். தலை நின்ற பிறகும் ஹெல்மெட் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது.

மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள். “என்னங்க, லூசா...”

“ஆரம்பிச்சிட்டியா? ஏதாவது நொட்டை சொல்லி நாளைக்கு என்னை வீட்ல உட்கார வைக்கணும். அதானே?”



கடைக்காரர் மீடியத்தை எடுத்து வந்தார். வெள்ளை நிறம் மட்டுமே இருந்தது. கணவர் அதை மாட்டிப் பார்த்தார்.

“கன்னம் ரெண்டும் வாய்க்குள்ள வருதுங்க! அதுவும் வெள்ளை. இதைப் போட்டுட்டுப் போனா டிராஃபிக் போலீஸ்னு நினைச்சு ஆளாளுக்கு வண்டியை ஓரங்கட்டிடுவாங்க. சிவப்பையே பேக் பண்ணுங்க.”

“சார், வேகத்துல காத்து தூக்கும். கீழ விழுந்தீங்கன்னா தலையை விட்டே...”

“தலை என்னோடதுங்க.”

கடைக்காரர் சிவப்புக்கு உரிய பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

கணவர் வெள்ளையைக் கழற்றி வைத்துவிட்டு, சிவப்பு ஹெல்மெட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“பத்திரமா பிடி. ஹெல்மெட் ஒரு தடவை கீழ விழுந்தா அவ்வளவுதான். வெளியே ஒண்ணும் தெரியாது, உள்ளே விரிசல் விட்டிருக்கும். அப்புறம் பூச்செடி வைக்கத்தான் லாயக்கு.”

அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவர் குனிந்து, போட்டுப் பார்த்த பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். உச்சியில் முடி கொட்டிப்போய் வழுக்கை பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டமால்!

ஹெல்மெட் தரையில் மோதி, எகிறி, வாசல் வரை உருண்டது.

“அடிப்பாவி! கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கே?”

“கை நழுவிடுச்சுங்க.”

“ஒரு சாமானை ஒழுங்கா பிடிக்கத் தெரியுதா உனக்கு? எப்பப் பாரு பராக்கு!”

கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ‘இப்படி ஒரு பெண்டாட்டியா’ என்று ஒருவர் கணவருக்காக உச்சுக்கொட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைக்காரர் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். ஓரத்தில் சின்னக் கீறல்தான். கணவர் அதை ஆசையோடு தடவிப் பார்த்தார். ஆனால் தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டதே!

“வேணாம். விழுந்தது விழுந்ததுதான்” என்றார் எரிச்சலோடு. “அந்த வெள்ளையையே கொடுங்க. வேற கடைக்கு அலைய இனிமே எங்க நேரம்?”

வெள்ளையை மாட்டித் தலையை ஆட்டினார். அசையவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு, பணத்தைக் கட்டி, மற்ற பைகளோடு காரை எடுக்கப் போனார்.

மனைவி தன் கைப்பையைத் திறந்தாள். “கீழ விழுந்ததுக்கும் தனியா பில் போடுங்க. அதை நான் கொடுத்துடறேன்.”

கடைக்காரர் பில் போடாமல் அவளைப் பார்த்தார். சரிந்தபோது அவள் பிடித்து வைத்த கண்ணாடியையும் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம், நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?”

“கண் ஆஸ்பத்திரியில. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் கை நீட்டினா கத்தி, ஊசியெல்லாம் எடுத்துக் கொடுப்பேன். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இதே வேலைதான்.”

“இத்தனை வருஷத்துல எப்பவாவது கை நழுவியிருக்கா?”

அவள் வெள்ளை ஹெல்மெட்டை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கணவர் தூரத்தில்தான் இருக்கிறார் என்று வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“ஒரு தடவைகூட இல்லை” என்றாள். “இன்னிக்கும் நழுவலை.”