இரண்டு விரல் இடைவெளி

"இது பிள்ளைக்குக் கட்டின நாப்கினா, வெளியூருக்கு அனுப்புற பார்சலா?"

வீட்டுக்காரி கேட்டதும் வந்தவளின் முகம் சுண்டிப்போனது. மேசைமேல் விரித்த மெத்தையில் கிடந்த குழந்தை, இடுப்பிலிருந்து முட்டிவரை இறுக்கிச் சுற்றிய துணிக்குள் காலை உதைக்க வழியில்லாமல் திருதிருவென்று விழித்தான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். கூரியர் ஆபீஸ்ல பார்சல் கட்டிக் கட்டி, கை அப்படியே பழகிடுச்சு."

"அதானே பார்த்தேன். டேப் ஒட்டுறது மட்டும்தான் பாக்கி. மேடமெல்லாம் வேணாம், வயசுல நீங்க எனக்கு அக்கா. ஆனா நாப்கின் விஷயத்துல நான்தான் சீனியர். அவிழ்த்துட்டு மறுபடி கட்டுங்க."

வீட்டுக்காரிக்கு வழவழா கொழகொழா பேச்சே கிடையாது. அதிலும் துணி நாப்கின் என்றால் தனிக் கர்வம். ஒரு தடவை கட்டித் தூக்கிப் போடுகிற ரகம் இந்த வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை. பால்கனிக் கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தவை எல்லாம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வெள்ளைத் துணிகள். பல பிள்ளைகளைப் பார்த்தவை.

வந்தவள் மெல்ல அவிழ்த்தாள். குழந்தையின் தொடை அவளுடைய கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பருமனாக இருந்தது.

"இவ்வளவு சின்னதா இருக்கானே!"

"நாள் கணக்குக்கு முன்னாடியே பொறந்த அவசரக்காரன். கடையில விக்கிற எந்த சைஸும் இவனுக்குச் சேராது. துணின்னா நம்ம இஷ்டத்துக்கு மடிச்சுக்கலாம். தொப்புள் இப்பத்தான் ஆறியிருக்கு, அதனால முன்பக்கத்தைக் கீழே இறக்கி மடிங்க. இடுப்புல ரெண்டு விரல் நுழையணும். தொடைகிட்ட மட்டும் இடைவெளி விட்டுடாதீங்க. விட்டா என்ன ஆகும் தெரியுமா?"

என்ன ஆகும் என்பதைக் குழந்தையே செய்து காட்டினான். அன்றைக்கென்று இஸ்திரி போட்டு உடுத்தி வந்த உடை முழுக்க நனைந்துவிட்டது.

வந்தவள் தன் உடையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஐயையோ, குளிருமே இவனுக்கு!" என்று குழந்தையைத்தான் முதலில் துடைத்தாள். வீட்டுக்காரி அதைக் கவனித்தாள், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"ராத்திரி அழுதா எழுந்திருப்பீங்களா? தூங்குமூஞ்சின்னா இப்பவே சொல்லிடுங்க."

"இது அமையுமா அமையாதான்னு நினைச்சு இந்த வாரம் பூரா நான் எங்கே தூங்கினேன்? அமைஞ்சுட்டா கூரியர் வேலையை விட்டுடுவேன். முழு நேரமும் இவன் கூடத்தான்."

"எப்படித் துவைப்பீங்க?"

"முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் சுடுதண்ணி. வாசனைக்குன்னு எதையும் ஊத்தக் கூடாது, ஊத்தினா துணி ஈரத்தை இழுக்காது. நல்ல வெயில்ல காயணும்."

"மனப்பாடமா?"

"எங்க வீட்டுக்காரர் கேள்வி கேட்டே ஒப்பிக்க வெச்சுட்டாரு."

வீட்டுக்காரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே தெருவில் ஒரு மனிதர் அங்கும் இங்கும் நடந்துகொண்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் இந்த ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"உங்களை இங்கே அனுப்பின ஆபீஸ்ல உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னாங்க. ஆனா அடுத்தவங்க பேச்சை நம்பி நான் யார் கையிலயும் பிள்ளையை விடுறதில்ல. இதுக்கு முன்னாடி ஒருத்தங்களை வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கேன். ம், கட்டுங்க."

வந்தவள் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். புதிதாக ஒரு துணியை எடுத்தாள். மடிப்பதற்கு முன்னால் அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"என்ன பண்றீங்க?"

"ஈரம் இருக்கான்னு பார்க்கிறேன். கயிறு இழுத்து இழுத்து என் கை காய்ச்சுப் போச்சு. கன்னத்துக்குத்தான் தெரியும்."

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. மடித்தாள், இறக்கினாள், தொடையோரத்தை உள்ளே சுருட்டினாள், இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். குழந்தை காலை நன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கொட்டாவி விட்டான்.

வீட்டுக்காரி இடுப்பைச் சுற்றித் தன் விரலை ஓட்டினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கொடியிலிருந்து காய்ந்த துணிகளை உருவி, மடித்து, ஒரு பையில் அடுக்கத் தொடங்கினாள்.

வந்தவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழாதீங்கக்கா. இந்த வீட்ல ஈரம் பண்றதுக்கு ஒரு ஆள் போதும். தூக்குங்க அவனை."

தூக்கினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இனி யார் கேட்டாலும் கீழே இறக்குவதாக இல்லை.

"இவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறீங்க?"

"பொடியன்னுதான்" என்றபடி வீட்டுக்காரி ஜன்னலுக்குப் போய், கீழே நின்ற மனிதரை மேலே வரச் சொல்லிக் கையசைத்தாள். "இந்த வீட்ல இருந்துட்டுப் போன எந்தப் பிள்ளைக்கும் நான் பேர் வெச்சதில்லக்கா. அப்பா அம்மா கிடைக்கிற வரைக்கும் வளர்த்துக் குடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. உங்க பிள்ளைக்கு நீங்கதான் பேர் வைக்கணும்."