கரையாத குமிழி

விரலை மடக்கும் நரம்பின் நுனிக்குள்ளே, அதன் சுவரை ஒட்டி இரண்டு குமிழிகள் நின்றன. நரம்பு வழியே கட்டளை வந்ததும் வயிற்றிலுள்ள சாற்றை வெளியே, தசைமேல் ஊற்ற வேண்டும். அப்போதுதான் விரல் அசையும்.

பெரிய குமிழி எப்போதும் சின்னத் துளை வழியே கொஞ்சம் ஊற்றிவிட்டு, கரையாமல் முழுசாகத் திரும்பிவிடும். சின்னதோ, தன் முறை வந்தால் மொத்தமாக ஊற்றிச் சுவரோடு கரைந்துவிடுவதாகச் சொல்லும்.

"உன்னை மாதிரி சுவரோடு கரையப் போகிறவன் இல்லை நான். என் தோல் எனக்கே" என்றது பெரியது.

"அப்படியே வைத்துப் பூசை பண்ணு" என்றது சின்னக் குமிழி.

அன்று விரல் சூடான தோசைக்கல்லில் பட்டது. கட்டளைமேல் கட்டளை வந்தது. சின்னக் குமிழி மொத்தத்தையும் ஊற்றி, சுவரில் கரைந்தது. பெரியது கொஞ்சம் ஊற்றியது. விரல் நகரவில்லை.

"கரைந்தால் நான் திரும்ப வருவேனா?" என்று பெரியது சுவரைக் கேட்டது.

"எனக்குத் தெரியாது. விரல் வேகிறது" என்றது சுவர்.

பெரிய குமிழி கண்ணை மூடிக்கொண்டு துளையை முழுவதும் திறந்து, அதுவும் சுவரில் கரைந்தது. விரல் விலகியது.

கொஞ்ச நேரத்தில், இரண்டும் கரைந்த இடத்தில் சுவர் உள்ளே மடிந்து, ஒரு புதுக் குமிழியைக் கிள்ளி விட்டது.

"நீ பெரியவனா, சின்னவனா?" என்று சுவர் கேட்டது.

குமிழி தன் தோலைத் தடவிப் பார்த்தது.

"இரண்டு பேரும் இருக்கிற மாதிரிதான் இருக்கு. அது கிடக்கட்டும், சாறு எங்கே நிரப்புகிறார்கள்?"