மதகேறிய கல்லொட்டி

ஊருக்குத் தெளிந்த குடிநீர் கிடைத்த வரலாற்றில் அணை இருக்கும், குழாய் இருக்கும்; கல்லொட்டி மீன் மட்டும் இருக்கமாட்டாள்.

ஓடையின் குறுக்கே நின்ற அணை, மதகைத் திறக்காதிருப்பதே காவல் என்று நம்பியது. அதன் முதுகுப்புறம் வண்டல் சேர்ந்தது. ஊர்க் குழாய்களில் சேறு வந்தது.

முதல் மழையன்று, விரலளவே இருந்த கல்லொட்டி அணைக்குக் கீழிருந்து கூப்பிட்டாள்.

"அணையண்ணே, மதகைத் திறங்க! மேல இருக்கிற கூழாங்கல்லுலதான் நாங்க முட்டை போடுவோம். அதை உங்க வண்டல் மூடிக்கிடக்கு. எனக்கு வயிறு தாங்கலை."

"போடி பொடிசு! திறந்துவிட்டா ஊரே தாகத்துல சாகும்."

"இப்ப மட்டும் பன்னீரா குடிக்குது? உங்க முதுகுச் சேத்தைத்தானே குடிக்குது!"

அணைக்குச் சுருக்கென்றது. மதகைத் திறந்தது. வண்டல் புரண்டோடியது, புதைந்திருந்த கூழாங்கற்கள் மின்னின. பாய்ந்த நீருக்கு எதிராக, மதகுக் கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அவள் மெல்ல மெல்ல ஏறினாள். தன்மேல் அத்தனை சிறிய இதயம் துடிப்பதை உணர்ந்த அணை, அவள் மேலே சேரும்வரை மதகை மூடவில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் முதல் மழைக்கு மதகு திறந்தது. கூழாங்கற்களில் வடிந்த நீர் குழாய்களில் கண்ணாடியாக வந்தது.

அவளோ, மதகேறிய அன்றே அந்தக் கற்களுக்கிடையே முட்டையிட்டாள். மறுநாள் அங்கேயே இறந்தாள்.