ஞாயிற்றுக்கிழமை டெலிவரி இல்லை

“பாடி ரெடிதாங்கண்ணா. பெயிண்ட் வேலைகூட நேத்தே முடிஞ்சுது. நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்குங்க.”

ஜெயப்ரியா செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வீட்டு மொட்டை மாடியில் துணி பிழிந்தாள். சூளகிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவளுக்கு ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் பூட்டு. ஆனால் போனுக்கு ஏது லீவு? ஆபீஸ் நம்பருக்கு வரும் அழைப்பெல்லாம் அவள் செல்லுக்கு வந்துவிடும்படி முதலாளி சிவராஜ் செய்து வைத்திருந்தார். எடுக்காமல் விட்டால் பார்ட்டி அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான் என்பது அவர் கட்சி.

எதிர்முனையில் தளி மாதேஸ்வரன். முட்டைக்கோஸ் ஏற்றுவதற்குப் புது லாரி வாங்கி, பாடி கட்ட விட்டிருந்தவர். அவர் தளியில் பேசினால் போன் இல்லாமலே சூளகிரியில் கேட்கும். இன்று ஏனோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

“நாளைக்குன்னா ஆவாது பாப்பா. இன்னிக்கே விடச் சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குப் போயாகணும். வாசல்ல பந்தல் போட்டாச்சு. மாலையெல்லாம் வந்துடுச்சு. சனம் காத்துக்கிட்டுக் கெடக்குது.”

லாரிக்குப் பந்தலா? ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் தடபுடலாகத்தான் பூஜை போடுகிறார்.

“ஞாயித்துக்கிழமை டெலிவரி இல்லைங்களேண்ணா. கையெழுத்துப் போட ஆள் கிடையாது.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அதுகூடப் பரவால்ல பாப்பா. பேர மாத்தி எழுதிட்டாங்க. மாதேஸ்வரன்னு எழுதாம முனிராஜ்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்த முனிராஜ் ஆளுங்க வந்து என்னோடத எடுத்துக்கிட்டுப் போயிட்டா, எங்க வீட்ல என்ன பண்ணுவாங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. பெயிண்டரிடம் பேர் சொன்னவள் அவள்தான். தப்பென்றால் சிவராஜ் அவளைச் சும்மா விடமாட்டார்.

“நீங்க எப்படிண்ணா பாத்தீங்க?”

“உள்ளதான இருக்கேன்.”

“பூட்டியிருக்குமே?”

“பூட்டித்தான் இருக்குது. வரிசையா வெச்சிருக்காங்க. ரொம்பக் குளிருது பாப்பா.”

குளிருக்குப் பேர்போன தளிக்காரருக்கே குளிரா என்று கேட்க வாயெடுத்தாள். மொட்டை மாடியில் சுள்ளென்று மத்தியான வெயில். அதிலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“நீ சொன்னாக் கேப்பாங்க. முனிராஜ் இல்ல, மாதேஸ்வரன்னு சொல்லிடு. மறந்துடாத.”

போன் வைக்கப்பட்டது. ஜெயப்ரியா உடனே பெயிண்டர் கோபியைக் கூப்பிட்டாள். பட்டறைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவன், ஒரு சாவி அவனிடம் உண்டு. போய்ப் பார்த்துவிட்டு அவனே கூப்பிட்டான்.

“லாரி நெத்தியில மாதேஸ்வரன்னு பளிச்சுனு இருக்குதுக்கா. முனிராஜ்னு நமக்குப் பார்ட்டியே இல்லையே.”

“உள்ள அவரு இருக்காரா பாத்தியா?”

“போட்ட பூட்டு போட்டபடி இருக்குது. உள்ள ஈ காக்கா இல்ல. யாரோ உன்னை நல்லா ஏமாத்தியிருக்காங்க.”

அவள் வாளியைத் தூக்குவதற்குள் மறுபடி போன் அடித்தது. புது நம்பர். ஒரு பெண் குரல்.

“பாடி கட்டற ஆபீசுங்களா? நான் தளி மாதேஸ்வரன் சம்சாரம், லட்சுமியம்மாள். லாரி எடுக்க அவரு வரமாட்டாருங்க.” கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது. “காலையில பைக்ல போனவரு, வண்டி மோதி அங்கயே போயிட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கறோம். மாதேஸ்வரன்னு ஒரு பாடியே உள்ள இல்லன்னு சொல்றாங்க.”

ஜெயப்ரியா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

“முனிராஜ்னு ஒண்ணு இருக்கும். வேற யாரும் எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள, அதத் தொறந்து பாக்கச் சொல்லுங்கக்கா.”