ஆறு மாதப் பொன்னாங்கண்ணி

சுபிக்ஷாவின் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு, கண்ணாடி போடச் சொன்ன அந்த டீச்சரின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

உள்ளே, பள்ளிக்கூட ஹாலில், கண் பரிசோதனை.

ஆறு மாதத்துக்கு முன்பு பரிசோதிக்க வந்தவர்கள், மகளுக்குக் கிட்டப்பார்வை என்றார்கள். கண்ணாடியும் கொடுத்தார்கள்.

அதை அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கண்ணாடியா? அன்றிலிருந்து வீட்டில் பொன்னாங்கண்ணிதான். பொரியல், கூட்டு, கடைசல். தோசை மாவைக்கூட விட்டுவைக்கவில்லை. கீரையைக் கண்டாலே சுபிக்ஷா முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். கண் தெரிந்தால் போதும்.

"ஏனுங் டீச்சர், இந்த வாட்டி பாருங்க. எம்புள்ள கடகடன்னு படிச்சுப்போடுவா."

காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போனது. எல்லோருக்கும் ஒரே அட்டை.

காத்து நின்ற சுபிக்ஷாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். நல்லதுதான்.

மகளின் முறை வந்தது.

முதலில் பெரிய எழுத்து. அடுத்த வரி. அதற்கும் அடுத்தது. கடைசியில், எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்துகள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பரிசோதித்தவர் தலையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வாசலுக்கு வந்தாள். அங்கே இன்னும் சில அம்மாக்கள். சாப்பாட்டு நேரத்தில் பனியன் கம்பெனியிலிருந்து அவளைப் போலவே ஓடி வந்தவர்கள். எல்லோர் மேலும் அதே கம்பெனி நீலக் கோட்டு.

சுபிக்ஷா படியில் நின்று தேடினாள்.

இவள் கையைத் தூக்கி ஆட்டினாள்.

மகள் சிரித்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நாலு பேர் தள்ளி நின்ற வேறொருத்திக்கு.

"அம்மா, எல்லாத்தையும் சொல்லிட்டேன்! இனிக் கீரை வேண்டாந்தானே?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

இவள் கூப்பிடவில்லை. கையை இறக்கினாள். மகளைப் பார்த்தபடியே மெதுவாக நடந்தாள். பயமாக இருந்தது.

மகளின் கண்கள் இன்னும் அந்தப் பெண்ணின் மேலேயே இருந்தன.

இன்னும் பக்கத்தில் போனாள்.

தொட்டுவிடும் தூரத்துக்கு வந்த பிறகுதான் சுபிக்ஷா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், வரிசையின் கடைசியில் நின்றாள்.