மூப்பருக்கு ஏற்ற ரத்தம்

"டெய்லரா? அவர் ரத்தம் எனக்கு வேண்டாம். திருப்பி அனுப்பு" என்றார் மூப்பர், கட்டிலில் மல்லாந்து படுத்தபடி.

ஆஸ்பத்திரியில் மாலை நேரம், பார்வையாளர்களை உள்ளே விடுகிற வேளை. அறைக் கதவுக்கு வெளியே சபையார் மூன்று பேர் நிற்கிறார்கள் என்று அவருடைய மனைவி அப்போதுதான் சொல்லியிருந்தாள்.

மூப்பருக்குச் சபையில் ஒரே வேலை. திருவிருந்துக்கு முந்தின நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, பத்துக் கட்டளையையும் வரிசையாகக் கேட்டு, தேறியவர்களை மட்டும் அப்பமும் திராட்சரசமும் வாங்க மேஜைக்கு அனுப்புவார். பாடகர் குழு அவருக்கு வைத்திருந்த பெயர் 'பதினோராவது கட்டளை'. போதகரே அவரைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

அன்று காலையும் அந்தச் சோதனைக்காகத்தான் ஆலயத்துக்கு வந்தார். சுவரில் பத்துக் கட்டளைப் பலகை கோணலாகத் தொங்கியது பொறுக்காமல், நேராக்க ஏணியில் ஏறினார். பலகை அவரையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. 'கொலை செய்யாதிருப்பாயாக' என்று எழுதியிருந்த பக்கம்தான் அவர் தொடையைக் கிழித்தது.

நினைவு தப்புகிற நேரத்தில் டாக்டரின் குரல் மட்டும் காதில் விழுந்தது. "ரத்தம் நிறைய போயிருக்கு. உடனே ஏத்தணும், இல்லேன்னா தாங்காது."

கண் விழித்ததும் வெளியே ஆட்கள் நிற்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? ரத்தம் கொடுக்க வந்திருக்கிறார்கள். கண்டவன் ரத்தத்தையும் வாங்கிக்கொள்ள அவர் என்ன கேட்பாரற்றுக் கிடக்கிறாரா?

"என்னங்க, முதல்ல நான் சொல்றதக் கேளுங்க..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"சோதனை நடக்கறப்போ குறுக்கே பேசாதே. அந்த டெய்லர் பாடகர் குழு அங்கிய 'நாளைக்குத் தரேன், நாளைக்குத் தரேன்'னு எத்தனை நாளைக்குச் சொன்னார்? பதினாறு நாள். பதினாறு பொய். ஒன்பதாவது கட்டளை!"

மனைவிக்கு நாற்பது வருஷ அனுபவம். வாயை மூடிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்து யாரு?"

"ஞாயிறு பள்ளி டீச்சர்."

"அவளா? நம்ம வீட்டுத் திரைச்சீலைய எங்க வாங்கினீங்கன்னு ரெண்டு தடவ கேட்டா. முதல் தடவ விசாரிப்பு. ரெண்டாவது தடவ இச்சை. பத்தாவது!"

"அப்போ உங்களுக்கு யாரு ரத்தம்தான் ஆகும்?"

மூப்பர் யோசித்தார். சபையில் நூற்று இருபது பேர். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. பத்தையும் கைக்கொண்ட ரத்தம் ஊரில் ஒரே ஒருவர் உடம்பில்தான் ஓடியது. அதிலும் பாதி ஆலயத் தரையில் கொட்டிப்போனதுதான் கொடுமை. தன் ரத்தத்தைத் தனக்கே தானம் பண்ண மருத்துவத்தில் வழியில்லையே என்று மனம் நொந்தார்.

சாக யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

கதவு மெல்லத் திறந்தது. தலையை நீட்டியவர் வெல்டிங் பட்டறைக்காரர். களவு வழக்கில் ஒன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். திருந்திவிட்டதாக அவர் அழுததைச் சபையே நம்பியது, மூப்பர் நம்பவில்லை. இரண்டு வருஷமாக அவருக்குத் திருவிருந்து இல்லை. ஆராதனை முடிகிறவரை கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

"ஐயா, இப்போ எப்படி இருக்கு?"

"மேஜைகிட்ட வரக்கூடாதுன்னு உன்னை நிறுத்தி வச்சிருக்கேன். நீ என் நரம்புக்குள்ளயே வரப் பாக்கறியா?"

வெல்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மூப்பரின் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அது என்ன, முழங்கை மடிப்புல பஞ்சு ஒட்டியிருக்கு? களவு போதாதுன்னு ஊசி போட்டுக்கற பழக்கமும் வந்துடுச்சா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க ஐயா" என்று வெல்டர் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அது சும்மா... ஒண்ணுமில்லீங்க."

"பாத்தியா? கேட்டா பொய். எட்டாவது, ஒன்பதாவது, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட!" என்று மனைவியிடம் வெற்றியோடு சொன்னார் மூப்பர்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் காய்ச்சல் பார்க்க உள்ளே வந்தாள். மூப்பர் தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். வாழ்நாள் முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தவர் போல, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"சிஸ்டர், ஒரு பேப்பர் கொண்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன். வெளியே டெய்லர், டீச்சர், இங்க இந்த ஆளு... மூணு பேரும் பாவிங்க. இவங்க ரத்தத்துல ஒரு சொட்டு என் உடம்புல ஏத்தறதவிட நான் செத்துப் போறேன்."

நர்ஸ் குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தாள், வெல்டரைப் பார்த்தாள், கடைசியில் மூப்பரைப் பார்த்தாள்.

"இவங்க மூணு பேர் ரத்தத்துலதானே ஐயா, நீங்க காலையிலிருந்து உயிரோட இருக்கீங்க!"